நின்றுபோன பாட்டுத் திருவிழாவை ஊரில் மறுபடியும் நடத்துவது எப்படி

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், வைகாசி மாதத்தில் ஓர் இரவு முழுவதும் பாட்டும் கூத்துமாக நடந்துவந்த விழா பல ஆண்டுகள் நின்றுபோய், இப்போது மூன்று ஆண்டுகளாக மறுபடியும் நடந்துவருகிறது. அதை எழுப்ப நாங்கள் எடுத்த முதல் முயற்சி தோற்றது. சேலத்திலிருந்து மேடை, வண்ண விளக்குகள், ஒலிபெருக்கிகள் அனைத்தையும் வாடகைக்கு எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரியை ஊர்ந்து ஏறவைத்து, பெரிய செலவில் எல்லாவற்றையும் கட்டி முடித்தோம். பாட வந்த நான்கு பாட்டிமார்கள் மைக்கைக் கண்டதும் குரல் எழாமல் நின்றார்கள். பின்பாட்டுக்கு ஆள் இல்லை. பறை அடிக்க வந்த இளைஞர்களுக்கு அந்தப் பாட்டின் அடி தெரியவில்லை. அரை மணி நேரத்தில் யாரோ சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். பாட்டிமார்களை வீட்டுக்கு அழைத்துப்போன வழியில் அவர்களில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் செய்த பிழையை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் போரால் ஊரை இழந்த ஒருவர். சேலம் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வாழும் அந்தப் பெரியவர், முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிய குடும்பத்தைச் சேர்ந்தவர். படகேறி வந்தபோது மத்தளத்தைக் கொண்டுவர முடியவில்லை என்றும், தாளக்கட்டு என்னும் தாளச் சொற்களை மட்டும் வாயில் கொண்டுவந்ததாகவும் சொல்லி, பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்தை மடியில் எடுத்துவைத்து இரு கைகளாலும் தட்டிக் காட்டினார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "மேடை போடுறது ஒரு நாள் வேலை தம்பி. ஆளைப் பழக்கிறதுக்கு மூண்டு மாதம் வேணும். நீங்கள் அந்த மூண்டு மாதத்தை விட்டுட்டு ஒரு நாளை மட்டும் செய்து பார்த்திருக்கிறியள்" என்றார். இந்த வழிகாட்டியின் முழுச் சாரமும் அந்தப் பேச்சுதான். விழாவை எழுப்ப நினைக்கிறவர்கள் விழா நாளைக் கடைசியாகவும் பழகும் நாட்களை முதலாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத் தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

எது நின்றது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்

"விழா நின்றுவிட்டது" என்று பொதுவாகச் சொல்வதால் வேலை தொடங்காது. பாடும் ஆட்கள் போய்விட்டார்களா, கருவிகளும் உடுப்புகளும் போய்விட்டனவா, கூடும் இடம் போய்விட்டதா, ஊரின் இசைவு போய்விட்டதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. போரால் நின்று பிறகு எழுந்த விழாக்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

எஸ்டோனியாவில் 1869-இல் டார்ட்டு நகரில் தொடங்கிய பாட்டுத் திருவிழா, 1938-க்குப் பிறகு இரண்டாம் உலகப் போரால் நின்று, 1947-இல் தாலின் நகரில் மறுபடியும் கூடியது. அந்தப் போரில் அந்தச் சிறு நாடு இரண்டு வல்லரசுகளின் கைமாறி நொறுங்கிப் போயிருந்தும் ஒன்பது ஆண்டு இடைவெளியில் விழா எழுந்ததற்குக் காரணம், அங்கே விழா என்பது ஊருக்கு ஊர் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யும் பாட்டுக் குழுக்களின் கூட்டம் என்பதுதான். குழுக்களில் ஒரு பகுதி மிஞ்சியிருந்தாலும் விழா மிஞ்சியிருக்கும். லெபனானின் பால்பெக் திருவிழா வேறு வகை. ரோமானியக் கோயிலின் இடிபாடுகளுக்கு நடுவே 1956-இல் தொடங்கி, நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமுமான லெபனான் இரவுகளுக்குப் பெயர் பெற்ற அந்த விழா, 1975-இல் உள்நாட்டுப் போரால் நின்று, 1997-இல்தான் திரும்பியது. அது ஓர் இடத்தோடு கட்டுண்ட விழா என்பதால், அந்த இடத்துக்கு மக்கள் அச்சமின்றி வந்துபோகும் காலம் வரும்வரை 22 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

கிழக்கிலங்கையில் உள்ள மட்டக்களப்பின் கூத்துக்கு நேர்ந்தது நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்துகளும் மாதக்கணக்கில் இரவு நேரத்தில் பழகப்படுபவை. உள்நாட்டுப் போரில் ஊரடங்கும் சுற்றிவளைப்பும் வந்தபோது இரவில் பத்துப்பேர் ஓரிடத்தில் கூடுவதே ஆபத்தாயிற்று. அப்போது மேடையேற்றத்துக்கு முன்பே பழக்கம் அறுந்துபோகும்.

எங்கள் மலையில் போர் இல்லை. ஆனாலும் அறுந்தது அதே இடத்தில்தான். இளைஞர்கள் சேலத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். காப்பித் தோட்டத்தில் களைப்புத் தெரியாமல் பாடிய பெண்கள் இப்போது கைப்பேசியில் பாட்டு கேட்கிறார்கள். 2020-இலும் 2021-இலும் கொரோனா முடக்கம் வந்து, மிச்சமிருந்த ஒரு கூத்து இரவையும் கொண்டுபோனது. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, கடைசியாக எந்த ஆண்டு நடந்தது, யார் பாடினார்கள், யார் கொட்டினார்கள், அவர்களில் இன்று யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோது, இடமும் இசைவும் இருக்கின்றன, ஆள் பழக்கம்தான் இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் புலப்பட்டது. இந்த ஒரு மணி நேரத்தை எந்த ஊரும் தவிர்க்கக் கூடாது.

பாட்டைச் சேர்த்தல்

லாத்வியாவில் கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் நாட்டுப்பாடல்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி, அவற்றை அடுக்குவதற்கென்றே 1880-இல் சிறு இழுப்பறைகள் கொண்ட ஒரு பேழையைச் செய்வித்தார். அவர் தொகுத்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் 1894 முதல் 1915 வரை அச்சில் வந்தன. அதற்குப் பிறகு இரண்டு உலகப் போர்களும் அந்நிய ஆட்சிகளும் அந்த நாட்டின்மேல் ஏறி இறங்கியபோதும் பாட்டின் சொற்கள் அழியவில்லை. நாம் அவ்வளவு பெரிய வேலை செய்ய வேண்டியதில்லை. ஓர் ஊருக்கு நூறு சீட்டு போதும். ஆனால் முறை அதேதான்: ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு. பாட்டின் முதல் அடி, பாடியவர் பெயர், அவருக்குக் கற்றுக் கொடுத்தவர், எந்த வேலைக்கோ சடங்குக்கோ உரியது, எந்த மாதத்தில் பாடுவது, இன்னும் யாருக்குத் தெரியும் என்ற ஆறு செய்திகளை ஒவ்வொரு சீட்டிலும் எழுதுங்கள். கடைசிச் செய்திதான் பயிற்சிக்கு உதவப்போவது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பாட்டை முதலில் பழக்க வேண்டும்.

கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். பாடுகிறவரின் மார்பு உயரத்தில், ஒரு முழத் தூரத்தில், துணி மடிப்பின்மேல் வையுங்கள். பலகைமேல் வைத்தால் தாளம் தட்டும் அதிர்வு உள்ளே ஏறிவிடும். பதிவைத் தொடங்கியவுடன் நாள், ஊர், பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள் இருக்கும் செய்தி மாறாது. அன்றிரவே வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்க வேண்டும். எங்கள் முதல் ஆண்டுப் பதிவுகளில் பாதி, ஒருவருடைய கைப்பேசி மழையில் நனைந்ததோடு போயிற்று. அவற்றில் ஒரு நாற்று நடவுப் பாட்டைப் பாடியவர் இப்போது இல்லை.

பாட்டுக்கு இடமும் நேரமும் உண்டு என்பதை மறந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். எங்கள் ஆயா ஒருவரிடம் வீட்டுத் திண்ணையில் வைத்து ஒப்பாரி பாடச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நல்லா இருக்கற வீட்ல ஒப்பாரி பாடக் கூடாது கண்ணு, தோட்டத்துக்குப் போலாம் வா" என்று எழுந்து, மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தடி வரை நடத்திக் கூட்டிப்போய், அங்கே உட்கார்ந்து ஏழு ஒப்பாரிகளைத் தொடர்ந்து பாடினார். முடித்ததும் கீழே கிடந்த இலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் கால் கழுவினார். எந்தப் பாட்டை விழாவில் பாடலாம், எதைப் பாடக் கூடாது, எதைப் பதிவு செய்து வைக்கலாம் ஆனால் பொதுவில் போடக் கூடாது என்று பாடியவரிடமே கேட்டு, அவர் சொன்னதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பாட்டு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பழகும் காலம்

மட்டக்களப்பில் கூத்தைப் பழக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. கூத்தைக் கற்றுத்தரும் ஆசானான அண்ணாவியார் ஆட்களைத் தேர்ந்து அவரவர் பங்கை எழுதித் தருவது சட்டம் கொடுத்தல். பிறகு பல வாரங்கள் ஆட்டமும் பாட்டும் பழகுவார்கள். ஓரளவு தேறியபின் கால்களில் சதங்கை கட்டுவது ஒரு சிறு விழாவாக நடக்கும். அதற்குப் பின் முழுக் கூத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். அதன் பிறகுதான் அரங்கேற்றம். இந்த வரிசையின் அருமை, அரங்கேற்றத்துக்கு முன்பே ஊருக்கு மூன்று நான்கு சிறு நாட்கள் கிடைத்துவிடுகின்றன என்பதில் இருக்கிறது. சதங்கை கட்டும் நாளில் தாய்மார் வருவார்கள். அடுக்குப் பார்க்கும் நாளில் ஊரே வந்து குறை சொல்லும். இப்படி ஊர் பழகிய பின்பு விழா நாளில் பார்வையாளர் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள்.

நாங்கள் இதை எங்கள் மலையின் வேலைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். காப்பிப் பழம் பறிப்பு கார்த்திகையில் சூடுபிடித்துத் தை முடியும் வரை ஓடும். அந்த மாதங்களில் மாலையில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. எனவே மாசி முதல் வாரத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்து வாத்தியாரை அழைத்துவிடுகிறோம். மேட்டூர், ஓமலூர், எடப்பாடிப் பக்கங்களில் இன்றும் தெருக்கூத்து ஆடும் செட்டுகள், அதாவது குழுக்கள், இருக்கின்றன. அவர்களுக்கும் ஆட்டம் மிகுந்த மாதங்கள் உண்டு என்பதால் முன்கூட்டியே போய்ப் பேச வேண்டும். ஆட வரும்படி அழைப்பது வேறு, கற்றுக்கொடுக்க வரும்படி அழைப்பது வேறு. இரண்டாவதற்கு ஊதியமும் தங்கும் இடமும் சாப்பாடும் தனியாகப் பேசி, தொகையைச் சொல்லியபடி அந்தந்த வாரமே கொடுத்துவிட வேண்டும்.

வாரத்தில் இரண்டு இரவுகள், ஏழரை மணி முதல் ஒன்பதரை மணி வரை என்று வைத்தோம். இடம் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ வேண்டாம். எல்லோரும் கடந்து போகும் இடமாக, தாழ்வாரம் உள்ள ஒரு வீடோ கோயில் முன்மண்டபமோ போதும். கடந்து போகிறவர்கள் நின்று கேட்க வேண்டும். முதல் மூன்று வாரம் கருவியே தொடாமல் வாயால் சொற்கட்டும் கையால் தாளமும் மட்டும் பழகட்டும். முகாமில் இருந்த பெரியவர் இரண்டு முறை எங்களோடு வந்து தங்கினார். பிள்ளைகளிடம் ஒரே சொற்கட்டை நாற்பது ஐம்பது முறை சொல்ல வைத்து, யாராவது தடுமாறினால் திட்டாமல், தடுமாறிய இடத்துக்கு முந்தைய அட்சரத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொடுப்பார். எங்கள் ஊர்ப் பறையின் அடியையும் அவர் தாளக்கட்டையும் ஒட்டிப் பார்த்தபோது ஓர் இடத்தில் இரண்டும் அப்படியே பொருந்தின. கேட்டுக்கொண்டிருந்த பறைக்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் குறைந்தது மூன்று பேர் தேற வேண்டும் என்று கணக்கு வையுங்கள்: முன்பாட்டுக்கு ஒருவர், அவர் வராவிட்டால் எடுக்க ஒருவர், பின்பாட்டில் அடியைக் கெட்டியாகப் பிடிக்க ஒருவர். வயது கலந்திருக்க வேண்டும். வேலைக்கு வெளியூர் போனவர்களுக்குப் பதிவை அனுப்பி, அவர்கள் பாடி அனுப்புவதைப் பயிற்சி இரவில் எல்லோரும் கேட்கச் செய்தோம். திருப்பூரில் தையல் வேலை செய்யும் பையன் ஒருவன் அப்படியே மூன்று பாட்டுகளை முழுதாகக் கற்றுக்கொண்டு வந்தான்.

கருவியும் பனியும்

மலையில் தோல்கருவிக்கு எதிரி ஈரம். மாலையில் மேகம் இறங்கினால் பறையின் தோல் தொய்ந்து, அடித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் ஒலிக்கும். காய்ச்சுவதற்கு வைக்கோல் தீயே நல்லது. சுள்ளென்று எரிந்து அடங்கும், தோலைக் கருக்காது. பறையைத் தீக்கு நேரே பிடிக்காமல் சாய்த்து, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே, இடையிடையே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் மெல்ல மேலேறி ஒரு கட்டத்தில் கணீரென்று நிற்கும். அதற்குமேல் ஓர் அரை நிமிடம் வைத்தாலும் தோல் வெடித்துவிடலாம். இதைப் பறைக்காரரிடம் நேரில் நின்றுதான் கற்க முடியும். சித்திரை, வைகாசியில் காட்டுத்தீ அச்சம் உண்டு என்பதால், தீயைக் குழி தோண்டி அதற்குள் மூட்டி, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்து, முடிந்ததும் முழுவதுமாக அணைக்க வேண்டும்.

மிருதங்கம், பம்பை, உடுக்கை போன்றவற்றைப் புதிதாக வாங்குமுன் ஊரில் பரணில் கிடப்பவற்றை இறக்கிப் பாருங்கள். கட்டை பழுதில்லாமல் இருந்தால் தோலும் வாரும் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஒரு வீட்டுப் பரணில் உடுக்கை ஒன்றைக் கண்டெடுத்தோம். அதன் இடையில் கட்டியிருந்த சிவப்புத் துணி நூலாக உதிர்ந்திருந்தது, கட்டை மட்டும் கைபட்டுப் பளபளத்தது. அதைச் சீர்செய்த செலவு புதியது வாங்குவதைவிடக் கூடுதல். அதனால் என்ன? அந்த வீட்டார் இப்போது ஒரு பயிற்சி இரவைக்கூட விடுவதில்லை.

ஊர்க்கூட்டம், வரி, மரியாதை

சேர்வராயன் மலை பழைய வழக்கப்படி சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்தது. ஊர்த் திருவிழா என்றால் யார் யாரைக் கேட்க வேண்டும், யாருக்கு முதலில் வெற்றிலை வைக்க வேண்டும் என்ற முறைகள் இன்னும் இருக்கின்றன. மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலின் ஆண்டுத் திருவிழாவும் மே மாதத்தில் வருவதால், அதோடு மோதாதபடி நாளைக் குறிக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்காமல் இளைஞர் மன்றம் மட்டும் கூடி முடிவெடுத்தால் விழா ஓர் ஆண்டு நடக்கும், அடுத்த ஆண்டு நடக்காது.

செலவுக்குத் தலைக்கட்டு வரியே சிறந்தது. ஒரு வீட்டுக்குச் சிறு தொகையாக இருந்தாலும் எல்லா வீடும் கொடுத்தது என்ற நிலை வேண்டும். பெரிய தோட்டக்காரர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்றபோது எங்கள் கூட்டத்தில் வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் அவரிடமிருந்து அரிசியும் பருப்பும் மட்டும் வாங்கிக்கொண்டோம். கணக்கை விழா முடிந்த மூன்றாம் நாள் கோயில் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பழைய விழாவில் பறை அடித்தவர்கள் பந்தலுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கடைசியில்தான் சாப்பாடு. அந்தப் பிள்ளைகள் பறையை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம், அது நியாயமான காரணமும்கூட. பழையதை அப்படியே மீட்கிறோம் என்று அந்த இழிவையும் சேர்த்து மீட்கக் கூடாது. மட்டக்களப்பை அடுத்த சீலாமுனையில் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கர் ஊராரோடு இணைந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில், கூத்தின் வடிவத்தைக் காத்துக்கொண்டே, சாதியையும் பெண்களையும் தாழ்த்தும் பகுதிகளை ஊராரே உட்கார்ந்து பேசி மாற்றியமைத்தார்கள். நாங்களும் ஊர்க்கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தோம்: கொட்டுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு; ஊதியம் பேசிய தொகையாக, கையில், உறையிலிட்டு, எல்லோர் முன்னிலையில்; கோமாளியின் வசனத்தில் யாருடைய சாதியையும் இழுக்கக் கூடாது. முதல் கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு ஒருவர் திரும்பி வந்தார். மூன்றாவது முடிவுதான் கோமாளிக்குக் கடினமாக இருந்தது. பாதி நகைச்சுவையே போய்விட்டது என்று வருந்தியவர், பிறகு பேருந்து வராத கதையையும் காப்பி விலையையும் வைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டார்.

அனுமதியும் உதவியும்

ஒலிபெருக்கி வைப்பதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இது முழுத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். 10 மணியோடு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பந்தலைச் சிறிதாக்கி, ஆட்களை வட்டமாக நெருங்கி உட்காரவைத்தால் குரலே போதும்; கொட்டுக்கும் அனுமதி உண்டா என்று காவல்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய தலைமுறை அப்படித்தான் கேட்டது. மனுவை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். எங்கள் மனு ஓர் அலுவலகத்தில் இரண்டு வாரம் காணாமல் போயிருந்தது. நகல் இருந்ததால் விழா தப்பியது.

கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் சேலத்தில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கலைஞர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்ப்பது, கருவிக்கும் உடைக்குமான உதவிக்கு விண்ணப்பிப்பது, மாவட்ட விருதுக்கு மூத்தவர்களின் பெயரை அனுப்புவது ஆகியவற்றை விழாக்குழுவே தன் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கலை முதுமணி என்று ஒரு பிரிவே உண்டு. அவர்களுக்காகப் படிவத்தை நிரப்ப யாரும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் குறை.

விழா இரவு

எவ்வளவு நேரம் என்பது எங்கும் சண்டைக்குரிய கேள்வி. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் விடியும்வரை ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்துகளை நகர மேடைக்காகச் சுருக்கி அமைத்தார். கூத்தை அறியாத படித்த மக்கள் அதன்வழியே கூத்தைக் கண்டுகொண்டார்கள். ஆனால் ஊரில் நடத்தும்போது என் கருத்து வேறு. ஊருக்கு நீண்ட இரவு வேண்டும். குழந்தை தூங்கி விழித்தால் இன்னும் பாட்டு நடந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்களால் விடியும்வரை தாங்க முடியாது என்பதால், முதல் ஆண்டு 11 மணியோடும், இரண்டாம் ஆண்டு இரவு 1 மணியோடும் நிறுத்தினோம். பழக்கம் வளரும் அளவுக்கு இரவை நீட்டுங்கள்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கும்மிப்பாட்டு வையுங்கள்; பாடத் தெரியாதவர்களுக்கும் வாய் திறக்கும். எஸ்டோனியாவின் 1947-ஆம் ஆண்டுத் தாலின் விழாவில் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த தாய்நாட்டுப் பாட்டு பாடப்பட்டது. பிறகு ஆட்சியாளர்கள் அதை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். 1960-ஆம் ஆண்டு விழாவில் நிகழ்ச்சி நிரலில் இல்லாமலேயே மக்கள் தாமாக அதைப் பாடினார்கள். அத்தனை ஆண்டுகள் அது மக்களின் மனப்பாடத்தில் தங்கியிருந்தது. ஊரார் மொத்தமாகப் பாடக்கூடிய இரண்டு பாட்டாவது உங்கள் விழாவில் இருக்கட்டும்.

இடையில் இறந்துபோன பாடகர்களுக்கு ஓர் இடம் வேண்டும். வட இலங்கையின் வன்னிப் பகுதியில் 2009 மே மாதம் போர் முடிந்த காலமும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் வரும் காலமும் ஏறக்குறைய ஒன்று. கடல்நீரில் விளக்கெரியும் அந்தப் பொங்கலுக்கு மக்கள் இன்று பெருந்திரளாகக் கூடுகிறார்கள். கூடுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மாதம் யாரையோ இழந்த மாதமும்கூட. இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் சொன்னதற்குப் பிறகுதான் நாங்கள் விழாத் தொடக்கத்தில், பந்தலில் விளக்கேற்றியவுடன், விழா நின்றிருந்த ஆண்டுகளில் இறந்த பாடகர், கொட்டுக்காரர் பெயர்களைப் படிக்கத் தொடங்கினோம். பெயரும், அவர் பாடிய பாட்டின் முதல் அடியும் மட்டும். பேச்சு கிடையாது. முதல் ஆண்டு பதினான்கு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு முதல் அடியையும் படித்தபோது கூட்டத்தில் யாரோ ஒருவர் இரண்டாம் அடியை முணுமுணுத்தார். அதில் மூன்று பாட்டுகள் எங்கள் சீட்டுகளில் இல்லாதவை. மறுநாள் காலையே முணுமுணுத்தவர்களைத் தேடிப் போனோம்.

மற்றவை சிறு ஏற்பாடுகள். கீழிருந்து வரும் கலைஞர்களை இரவில் மலையிறங்க விடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து, காலை உணவுவரை தங்கவையுங்கள். கம்பளி, வெந்நீர், சுக்குக் காப்பி மூன்றும் பாடுகிறவர்களுக்குத் தீராமல் இருக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடிக்கும். மஞ்சள் குண்டு விளக்குகள் போதும்.

விழா முடிந்த எட்டாம் நாள் குழு கூடி, எந்தப் பாட்டு தடுமாறியது, யார் வரவில்லை, எந்தத் தோல் கிழிந்தது என்று அதே நோட்டில் எழுதி, அடுத்த மாசியில் வாத்தியாருக்கு வெற்றிலை வைக்கப்போவது யார் என்று பெயர் குறித்துவிட வேண்டும். இந்த ஆண்டு எங்கள் நோட்டில் அந்த இடத்தில் இருக்கும் பெயர், முதல் முயற்சியில் மைக்கின் முன் குரல் எழாமல் நின்ற பாட்டி ஒருவரின் பேத்தியுடையது. அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாட்டிக்கு மட்டுமே தெரிந்திருந்த ஊஞ்சல் பாட்டு இப்போது அவளோடு சேர்த்து ஐந்து பேருக்குத் தெரியும்.